ஒரு வாக்கியத்துக்கு ஒரு 'நோ' போதும்

தேயிலைத் தூளைப் பொட்டலம் கட்டும் பிரிவிலிருந்து, மேட்டின் மேல் இருக்கும் எங்கள் தோட்டத்துத் தேநீர்க் கடைக்கு என்னை மாற்றியபோது பிள்ளைகள் இருவரும் கோலாலம்பூருக்குப் போய்விட்டிருந்தார்கள். வீட்டில் நானும் கணவரும்தான். மலாய் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலம் காதுக்குப் புரியும். வாய் திறந்தால் என்ன வருமென்று எனக்கே தெரியாது.

முதல் வாரத்திலேயே வயதான வெள்ளைக்காரத் தம்பதி வந்து ஸ்கோன் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஜாமும் கிரீமும் தடவித் தின்னும் சின்ன ரொட்டி அது. அன்று காலையிலேயே தீர்ந்துவிட்டது. "வீ டோண்ட் ஹேவ் நோ ஸ்கோன்" என்றேன் அழுத்தமாக. அந்த மனிதர் கண்ணைச் சிமிட்டி, "அப்படியென்றால் இருக்கிறது என்றுதானே அர்த்தம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, மனைவியோடு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சமையலறையில் கேக் சுடும் ரிங்லெட் ஊர்க்காரத் தோழியிடம் ஓடினேன். அவள் மாவுக் கையோடு சிரித்தாள்.

"ரெண்டு நோ சேந்தா எஸ் ஆயிரும்க்கா. டோண்ட் வந்துருச்சா, நோவ தூக்கிட்டு எனி போடுங்க. வீ டோண்ட் ஹேவ் எனி ஸ்கோன்ஸ். அவ்ளோதான்லா."

திரும்பிப் போய் அதை அப்படியே சொன்னேன். மனிதர் மெல்லக் கைதட்டினார். இருவரும் வாழைப்பழ கேக் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மறுபடி வந்து என்னிடம் சொல்லிக்கொண்டு போனார்கள்.

ஸ்கோன் கதையையும் 'எனி'யையும் ராத்திரியே கணவரிடம் சொல்லியிருந்தேன். மறுநாள் காலை அவர் என்னைக் காரில் கொண்டுவிட்டார். திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவர். எங்கள் மலைப்பாதை அவருக்கு மனப்பாடம். அன்று பனிமூட்டம் அப்பிக்கிடந்தது.

"ரோட்டுல ஒண்ணுமே தெரியலலா" என்றார்.

"அத இங்கிலீஸ்ல சொல்லுங்க பாப்போம்."

"ஐ கான்ட் சீ நத்திங்."

"ரெண்டு நோ ஆயிருச்சு. அப்ப நல்லா தெரியுதுன்னு அர்த்தம். வெரசா ஓட்டுங்க."

சிரிப்பு தாங்காமல் வண்டியை ஓரங்கட்டினார். பிறகு கேட்டார்: "எனி எனிங்கிறியே, அதுக்குத் தமிழ்ல என்னா?"

யோசித்தேன். ஒண்ணும் தெரியல. யாரும் வரல. எங்கயும் போகல. மூன்றிலும் முதல் வார்த்தையின் கடைசியில் ஒரு 'ம்' ஒட்டிக்கொண்டிருந்தது. எனிதிங், எனிபடி, எனிவேர். 'இல்லை' வருகிற இடத்தில் நாங்கள் பிறந்ததிலிருந்து போட்டுவரும் அந்த 'உம்'மைத்தான் அவர்கள் 'எனி' என்கிறார்கள். சொன்னதும் கணவர் ஸ்டியரிங்கைத் தட்டினார். "அட, இது நம்ம சாமான்தானா" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் காலைப் பயணமே பாடமாகிவிட்டது. எண்ண முடிந்தால் மெனி, முடியாவிட்டால் மச். "நாட் மெனி லோரி. நாட் மச் மழை" என்று அவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார்.

பள்ளி விடுமுறை வந்தது. கீழே இருந்து கூட்டம் ஏறி வந்தது. மதியத்துக்குள் ஸ்கோன் தட்டு காலி, கேக்கும் கொஞ்சம்தான் மிச்சம். வரிசை மட்டும் வாசலைத் தாண்டி நின்றது. நான் குரலை உயர்த்தினேன்: "சாரி, வீ டோண்ட் ஹேவ் எனி ஸ்கோன்ஸ். தேர் ஆரண்ட் மெனி கேக்ஸ். தேர் இஸண்ட் மச் கிரீம். பட் வீ ஹேவ் எ லாட் ஆஃப் டீ."

வரிசையே சிரித்தது. முன்னால் நின்ற பெண், "அப்ப டீயே குடுங்கக்கா" என்றாள் தமிழில். பின்னால் நின்றவர்களும் டீ கேட்டார்கள். ஒருவர் கூடக் கலைந்து போகவில்லை. தோழி சமையலறைக் கதவிலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவருக்கு ஓய்வு. தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வரிசையில் நின்று, முறை வந்ததும் என்னை முன்பின் தெரியாதவர் போல, "மிஸ், டூ யூ ஹேவ் எனி டேபிள்ஸ்?" என்றார்.

"நோ சார், வீ டோண்ட் ஹேவ் எனி டேபிள்ஸ்."

"நெவர் மைண்ட். ஒன் டீ."

கோப்பையை வாங்கிக்கொண்டு வெளியே கம்பிவேலியில் சாய்ந்து, பச்சைச் சரிவைப் பார்த்தபடி நிதானமாகக் குடித்தார். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. அடுத்து நின்றவருக்குக் கேக்குக்குப் பதில் வெறும் தட்டை நீட்டிவிட்டேன்.