வழக்கு என் மேல் போடவும்

இங்கிலாந்தில் ஹெல்ம்ஷா ஊர் கவுன்சில் அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது குளிர்காலம் ஆகிறது. ஒவ்வொரு நவம்பரிலும் குளிர்காலச் செய்தித்தாளைத் தட்டச்சு செய்வது என் பொறுப்பு. கிறிஸ்துமஸ் வாரத்தில் குப்பை வண்டி எந்த நாள் வரும், நூலகத்தில் சூடான அறை எத்தனை மணி வரை திறந்திருக்கும், சளிக்காய்ச்சல் ஊசி எங்கே போடுகிறார்கள், பனியில் தூவ உப்பு வைத்திருக்கும் மஞ்சள் பெட்டிகள் எந்தத் தெருமுனையில் இருக்கின்றன என்று நாலு பக்கம் வரும். ஜனங்கள் குப்பை வண்டித் தேதியை மட்டும் கிழித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு மிச்சத்தை அடுப்பு மூட்ட வைத்துக்கொள்வார்கள். என் வீட்டிலும் அதே கதைதான், பொய் சொல்வானேன்.

அந்த மிச்சத்தை ஒரு எழுத்து விடாமல் படிக்கிறவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர். எங்கள் ஸ்கார் லேனில் பதினேழாம் எண் வீட்டு நோரீன் ஹாய்ல்.

நோரீன் பிறந்ததும் அதே பதினேழில்தான். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தார். ஹெல்ம்ஷாவில் நாற்பது வயதுக்குள் இருக்கிற யாரைக் கேட்டாலும், தட்டில் முட்டைக்கோஸை மிச்சம் வைத்து நோரீனிடம் மாட்டிக்கொண்ட கதை ஒன்று வைத்திருப்பார்கள். ஓய்வு பெறும்போது என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார்கள். மற்றவர்கள் சுவர்க் கடிகாரம் கேட்பார்கள், பூச்சாடி கேட்பார்கள். இவர் பனி அள்ளுகிற அகல மண்வெட்டி ஒன்று கேட்டு வாங்கினார். ஆறு வருஷம் முன்னால் புருஷன் இறந்த வாரத்தில் பனி கொட்டியது. எங்கள் செங்குத்துத் தெருவில் சவ வண்டி மேலே ஏற வேண்டுமே என்று அந்த மண்வெட்டியால் தானே வழி அள்ளிய பெண்மணி அவர். அழுதபடியே அள்ளினார். நாங்கள் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஏன் பார்த்துக்கொண்டிருந்தோம்? கீத் சொன்னதால்.

கீத் பராக்ளஃப் இருபதாம் எண் வீடு. முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருந்துவிட்டு வந்தவர். வீட்டில் இருக்கும்போதும் டை கட்டியிருப்பார். வாசலில் பனியை யாராவது தொட்டால் போதும், வேலிக்கு மேலே அவர் தலை எட்டிப் பார்க்கும்.

"தொடாதீங்க. அப்படியே விட்டீங்கன்னா அது கடவுள் போட்ட பனி. விழுந்தா அவன் தலையெழுத்து. நீங்க அள்ளி விட்டு அங்க ஒருத்தன் விழுந்தான்னு வைங்க, அது உங்க பனி. நேரா கோர்ட்டுதான்."

ஸ்கார் லேன் மட்டுமில்லை, இந்த நாட்டில் பாதிப் பேர் இதைச் சத்தியமாக நம்புகிறார்கள். 'உங்கள் வாசல் பனியை நீங்கள் அள்ளலாம், கவனமாக அள்ளினால் யாரும் உங்கள் மேல் வழக்குப் போடப்போவதில்லை' என்று செய்தித்தாளின் மூன்றாம் பக்கத்தில் வருஷா வருஷம் போடுகிறோம். அந்த வரியைத் தட்டச்சு செய்கிறவள் நான். வீட்டுக்கு வந்து கீத்தின் பேச்சைக் கேட்டு அள்ளாமல் இருந்தவளும் நானேதான்.

போன வருஷ நவம்பர் இதழில் 'பனிக் காவலர் தேவை' என்று ஓர் அறிவிப்பு போட்டேன். உப்பு லாரி பஸ் போகிற சாலைகளுக்கு மட்டும்தான் வரும். அதை அனுப்புவது மாவட்டத்துப் பெரிய கவுன்சில், எங்கள் கையில் இல்லை. ஸ்கார் லேன் மாதிரி செங்குத்துச் சந்துகளுக்குத் தொண்டர்கள் வேண்டும். அரை மணி நேரப் பயிற்சி, ஒரு மஞ்சள் மேலங்கி, ஆறு மூட்டை உப்பு. எங்கள் தெருவிலிருந்து ஒரே ஒரு விண்ணப்பம் வந்தது. யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

நோரீன் அந்த விண்ணப்பத்தைப் போட்டது டெரிக்குக்காக.

டெரிக் ஆக்டன் முப்பத்தொன்றாம் எண், ஏற்றத்தின் உச்சியில் கடைசி வீடு. தனியாள். கொல்லையில் பந்தயப் புறாக்கள் நாற்பது வைத்திருக்கிறார். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் காலை ஏழரைக்கு ஆஸ்பத்திரிக் கார் வந்து அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகும். அதற்கு முந்தின குளிர்காலத்தில் இரண்டு தடவை கார் ஏற்றத்தில் ஏற முடியாமல் திரும்பிப் போனது. இரண்டாவது தடவை கால் வீங்கி மூச்சு வாங்கி ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள். அதன்பிறகு ஆஸ்பத்திரிக்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: இந்த வருஷம் ஒரே ஒரு நாள் கார் வாசலுக்கு வர முடியாமல் போனாலும், மார்ச் வரை நகரத்தில் முதியோர் இல்லத்தில்தான் தங்க வேண்டும்.

"மார்ச் வரைக்கும்னு சொல்றாங்க," என்றாராம் டெரிக். "அங்க போன எவன் மார்ச்ல திரும்பி வந்தான் நோரீன்? புறாவையெல்லாம் இப்பவே யார்கிட்டயாவது குடுத்துடறேன்."

"புறா மேல கை வெச்சே, கையை ஒடிச்சிடுவேன்," என்றாராம் நோரீன். "காரை மேல ஏத்தறது என் பாடு."

சொல்லிவிட்டாரே தவிர, கணக்கு உதைத்தது. காலை ஐந்துக்கு ஆரம்பித்தால் ஏழரைக்குள் அவரால் தனியாகப் பன்னிரண்டு வீடு வரை அள்ள முடியும். முப்பத்தொரு வீடு இருக்கிறது. அவரவர் வாசலை அவரவர் அள்ளினால் முக்கால் மணி நேர வேலை. வீடு வீடாகப் போய்க் கேட்டார். எல்லாரும் தேநீர் கொடுத்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள், அக்கறையாக வருத்தப்பட்டார்கள். கடைசியில் எல்லாரும் ஒரே வாக்கியத்தில் வந்து நின்றார்கள்: கீத் என்ன சொல்றார்னா...

என் வீட்டுக்கும் வந்தார். நானும் தேநீர் கொடுத்தேன்.

"நளினி, நீ கவுன்சில்ல இருக்கிறவ. நீயே அந்த வரியை அடிக்கிற. நீகூட நம்பலையா கண்ணு?"

"நம்பறேன் நோரீன். ஆனா ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா..."

"ஒண்ணு ஆயிடுச்சுன்னா," என்று திருப்பிச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். பிஸ்கட்டைத் தொடவில்லை.

டிசம்பர் முதல் வாரம் ஊர் கவுன்சில் கூட்டம். பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிஷம் உண்டு. நோரீன் மஞ்சள் மேலங்கியோடு வந்து நின்றார். "எங்க தெருவுல பனி அள்ளின இடத்துல யாராவது விழுந்தா கவுன்சில் பொறுப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

தலைவர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். "அனுதாபம் இருக்கு, மிஸஸ் ஹாய்ல். ஆனா அது எங்களால முடியாது. வக்கீல் ஒத்துக்க மாட்டார்."

"சரி, உங்க பேர் வேண்டாம். என் பேரைப் போடுங்க."

"அதையும் கவுன்சில் தாள்ல அச்சடிக்க முடியாதே."

"முட்டைக்கோஸ் சாப்பிட மாட்டேன்னு அழுத பையன்தானே நீ," என்றார் நோரீன். கூட்டக் குறிப்பு எழுதுவதும் என் வேலைதான், ஆனால் குறிப்பேட்டில் நான் அதை எழுதவில்லை.

மறுநாள் மத்தியானம் என் மேசைக்கு வந்தார். கையில் தடித்த பேனாவால் எழுதின ஓர் அட்டை. எங்கள் தெரு அடிவாரத்தில் கவுன்சிலின் அறிவிப்புப் பலகை இருக்கிறது. கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டியிருக்கும், சாவி என்னிடம்.

"திறந்து விடு. மாட்டினதும் பூட்டிடு. அப்புறம் நான் எடுக்க மாட்டேன், வேற யாரும் கிழிக்கவும் முடியாது."

"என் வேலை போயிடும் நோரீன்."

"சாவியை மேசை மேல வெச்சிட்டு நீ டாய்லெட்டுக்குப் போ."

எனக்கு அப்போதுதான் ரோஷம் வந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு நானே நடந்து போய் நானே திறந்து மாட்டினேன். அட்டையில் இப்படி இருந்தது:

'ஸ்கார் லேனில் பனியை யார் வேண்டுமானாலும் அள்ளலாம். அள்ளின இடத்தில் யாராவது வழுக்கி விழுந்தால் வழக்கு என் மேல் போடவும். நோரீன் ஹாய்ல், 17. ஞாயிறு மத்தியானம் தவிர எப்போதும் வீட்டில் இருப்பேன்.'

சாயங்காலம் கீத் பலகை முன்னால் வெகுநேரம் நின்று படித்தார். "இது சட்டப்படி செல்லாது," என்றார். ஆனால் குரலில் பழைய சுருதி இல்லை. அவர் புருவம் சுருங்கியிருந்தது. அறுபத்துநாலு வயதுப் பெண்மணி ஒருத்தி தெருவே பயந்த பழியைத் தன் வீட்டு எண்ணோடு எழுதித் தொங்கவிட்டிருக்கிறாள். அதைத் தாண்டித்தான் எல்லாரும் ரொட்டி வாங்கப் போக வேண்டியிருந்தது. கவுன்சில் தலைவரும் பார்த்தார், சாவியை மட்டும் என்னிடம் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு புதன்கிழமை பகலெல்லாம் பனி விழுந்தது. வியாழன் காலை ஐந்தேகாலுக்கு நான் கரி அள்ளுகிற கரண்டியோடு வெளியே வந்தேன். என்னிடம் வேறு ஆயுதம் இல்லை. நான்தான் முதல் ஆள் என்று நினைத்திருந்தேன். எட்டாம் எண்ணில் விளக்கு எரிந்தது. பதினொன்றில் மாவு தேய்க்கிற பலகையால் ஒருத்தர் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஐந்தாம் எண்காரர் கெட்டிலோடு வந்து படியில் வெந்நீர் ஊற்ற ஆரம்பிக்க, நோரீன் தெருக்கோடியிலிருந்து கத்தினார்: "ஊத்தாதே மடையா, கண்ணாடியா உறைஞ்சிடும்! உப்புப் போடு!" மஞ்சள் பெட்டியிலிருந்து வாளி வாளியாக உப்பு கை மாறி மேலே போனது. ஆறே முக்காலுக்கு இருபதாம் எண் கதவும் திறந்தது. கீத் டையோடு வந்தார். தன் வாசலின் இரண்டு எல்லையிலும் குச்சி நட்டு, அதற்குள் மட்டும், ஓர் அங்குலம் கூடாமல் குறையாமல் அள்ளினார். யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் கொஞ்சம் சிரித்தேன்.

ஏழு முப்பத்தைந்துக்கு ஆஸ்பத்திரிக் கார் உறுமிக்கொண்டு ஏற்றத்தில் ஏறியது. ஒரு தடவைகூடச் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலவில்லை. திரும்பி இறங்கும்போது டெரிக் ஜன்னலைத் திறந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் கரண்டியும் வாளியுமாக நின்ற எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனார். இது என் தெரு என்று உரக்கக் கத்தலாம் போலிருந்தது.

அப்புறம்தான் அது நடந்தது. எல்லாருக்கும் பன்றிக்கறி ரொட்டி சுட்டுத் தட்டில் அடுக்கிக்கொண்டு நோரீன் மேலே ஏறி வந்தார். இருபதாம் எண்ணும் என் இருபத்தொன்றாம் எண்ணும் சேருகிற இடத்தில் கால் வழுக்கியது. தட்டு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

முதலில் ஓடி வந்தவர் கீத். "என் எல்லை," என்றார். "என் குச்சிக்கு உள்ள விழுந்திருக்காங்க. தப்பு என்னோடது."

"இல்லை கீத், கால் வழுக்கினது என் பக்கம்," என்றேன். "நான் உப்பு சரியாப் போடலை."

"உப்பு வாளியைக் குடுத்தது நான்," என்றார் பதினொன்றாம் எண். "பாதி வாளிதான் குடுத்தேன்."

"நான் ஊத்தின வெந்நீரா இருக்கும்!" என்று கீழேயிருந்து ஐந்தாம் எண் கெட்டிலோடு ஓடி வந்தார்.

"அவ்வளவு தூரம் தண்ணி மேல ஏறி வருமாய்யா? நான் சொல்றேன், என் எல்லை! குச்சி இருக்கு, பாருங்க!"

ஆறு வருஷமாகப் பழி வந்துவிடுமோ என்று ஜன்னல் திரைக்குப் பின்னால் பதுங்கிய ஜனங்கள், நடுத்தெருவில் நின்று பழி எனக்கு எனக்கு என்று அடித்துக்கொண்டார்கள். நோரீன் பனியில் உட்கார்ந்து, கையைப் பிடித்தபடி, எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"முதல்ல என்னைத் தூக்குங்க. கேஸை அப்புறம் பங்கு போட்டுக்கலாம். அந்த ரொட்டியையும் பொறுக்குங்க, மேல இருக்கிறது நல்லாத்தான் இருக்கும்."

மாவுக்கட்டு ஆறு வாரம். மறுபடி பனி விழுந்த சனிக்கிழமை காலை நோரீன் ஜன்னலில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். அவருடைய மஞ்சள் மேலங்கியை டைக்கு மேலே போட்டுக்கொண்டு தெருவை ஆட்டி வைத்தவர் கீத். குச்சிகளைக் காணோம். அந்தக் குளிர்காலம் முழுக்க ஆஸ்பத்திரிக் கார் ஒரு நாள்கூடத் திரும்பிப் போகவில்லை.

ஜனவரியில் ஒரு நாள் கீத் என் மேசைக்கு வந்து, பலகைச் சாவியை ஒரு மணி நேரத்துக்குக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் வீடு திரும்பும்போது பார்த்தேன். நோரீனின் அட்டையில் 'என் மேல்' என்பது அடிக்கப்பட்டு, மேலே இன்ஷூரன்ஸ் ஆபீஸ் கையெழுத்தில் 'எங்கள் மேல்' என்று இருந்தது. கீழே வீட்டு எண் வரிசையில் கையெழுத்துகள். என் எண்ணுக்கு மட்டும் இடம் விட்டு, நூலில் ஒரு பேனாவும் கட்டியிருந்தார்கள். நான் போட்டேன்.

கடைசி வரி கோணல் மாணலாக இருந்தது.

'31. டெரிக் ஆக்டன். செவ்வாய், வியாழன், சனி காலை தவிர எப்போதும் வீட்டில் இருப்பேன்.'