அணுகுண்டுக்கு ரெண்டு பலகை

மூணாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தட்டாஞ்சாவடி முள்ளுக்காடாக இருந்தபோதே, தனியாளாய்த் தகரக் கொட்டகை போட்டு வெல்டிங் பட்டறை வைத்தேன். பெரிய மார்க்கெட்டைச் சுற்றிப் பாதிக் கடைக்கு ஷட்டர் என் கை வேலை. பிரெஞ்சுக்காரர் காலத்து வீடு ஒன்றுக்குக் காகிதத்தில் ஒரு கோடு போடாமல் சுழல் படிக்கட்டு வைத்தேன். ஆடும் என்றார் இன்ஜினியர். இன்றுவரை ஆடவில்லை. ஆனாலும் இதற்கெல்லாம் மேலே நான் வைப்பது ஒரு கண்காட்சிக்குச் செய்த ஸ்டாண்டைத்தான்.

எங்கள் தெரு நூலகத்தில் ஒரு சரித்திர டீச்சர் ஹிரோஷிமா, நாகசாகி படங்களை வைத்தார். மேலே ‘தேவையே இல்லாமல் போட்ட குண்டு’ என்று பெரிய பலகை. அதை நான் மாட்டிக்கொண்டிருக்கும்போது என் பக்கத்து வீட்டு சொல்தா வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர். பலகையைப் படித்தார். கண்காட்சிக்கென்று தான் கொடுத்திருந்த தன் அப்பா படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார்.

“சைகோன்ல பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த எங்கப்பாவ ஜப்பான்காரன் அடைச்சு வெச்சிருந்தான். நான் அப்ப அம்மா வயித்துல. குண்டு விழுந்துச்சு, சண்டை முடிஞ்சுது, அவரு உசுரோட வந்தாரு. ‘போரை முடிச்ச குண்டு’ன்னு எழுதுங்க.”

“ஜப்பான் ஏற்கெனவே ஓஞ்சு போயிருந்துச்சுங்க முசியே. ரஷ்யாவைப் பயமுறுத்தத்தான் போட்டாங்கன்னு சொல்றவங்களும் இருக்காங்க. உங்களுக்கு அப்பா கெடச்சாரு. அங்க எத்தினி புள்ளைக்கு அப்பா போனாரு?” என்றார் டீச்சர்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “ஒண்ணுல முடியும்னா ரெண்டாவது எதுக்குப் போட்டான்?” என்று சொல்தாவைக் கேட்டேன்.

“மேஸ்திரி, நீ கம்பிய வெட்டு.”

டீச்சர் பக்கம் திரும்பினேன். “போடாம விட்டிருந்தா சண்டை எப்ப முடிஞ்சிருக்கும்? அதுவரைக்கும் இவங்கப்பா தாங்கியிருப்பாரா?”

“அதைத்தாங்க ஐயா எல்லாரும் இன்னும் எழுதிக்கிட்டே இருக்காங்க” என்றார்.

இவ்வளவு படித்தவர்களுக்கே முடிவு தெரியாத விஷயம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சொல்தா படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். டீச்சர் முகம் வாடிப்போனது. நம்மூர் முகம் ஒன்றாவது இல்லையென்றால் பிள்ளைகள் எங்கேயோ நடந்த கதை என்று போய்விடுவார்கள் என்றார். வரியை மாற்றவும் அவருக்கு மனசில்லை.

டேப்பை எடுத்தேன். எதிரும் புதிருமாக ரெண்டு பலகைக்கு ஸ்டாண்டு அடித்தேன். ஒன்றில் டீச்சர் வரி, மற்றதில் சொல்தா வரி. ஒன்றைப் படித்தால் இன்னொன்று முதுகுக்குப் பின்னால் இருக்கும். திரும்பித்தான் ஆகணும். சொல்தாவைத் திரும்பக் கூட்டிவந்து, ரெண்டையும் சேர்க்கிற குறுக்குக் கம்பியைக் காட்டி, “அப்பாவ இங்க மாட்டுங்க” என்றேன். சொல்தா ரெண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். பிறகு மாட்டினார்.

கண்காட்சி இப்போது பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போகிறது. பிள்ளைகள் நடுவில் நின்று சண்டை போடுவதைக் கேட்க நானும் போகிறேன். நான் எந்தப் பக்கம் என்பது எனக்கே இன்னும் முடிவாகவில்லை.

வாசலில் நன்றிப் பலகை ஒன்று வைத்திருக்கிறார்கள். பிரிண்ட் போட்டவர், டீ கொடுத்தவர் வரை எழுதியிருக்கிறது. நான் இல்லை. கேட்டால், “ஸ்டாண்டுதானேங்க” என்கிறார்கள். ஸ்டாண்டை யார் வேண்டுமானாலும் அடிப்பார்கள். கழற்றின படத்தைத் திரும்ப மாட்டவைத்தது யார்? அடுத்த பள்ளிக்கூடத்துக்கு வண்டி ஏற்றும் முன்னே, டீக்காரருக்கு மேலே என் பெயரை எழுதுங்கள். வேலை என்று மட்டும் போட்டால் போதாது, யோசனையும் என்னுடையது என்று சேர்த்து எழுதுங்கள்.