இடப்பக்கச் செயின்

யர்மிலா பொறாமைக்காரி என்பது பிர்னோ நகரத்துச் சைக்கிள் பந்தய வளையத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளும் அதை மறைத்ததில்லை. டிராம் பணிமனையில் சக்கரம் கழற்றி மாட்டுகிற வேலை அவளுக்கு. பக்கத்து மேசைக்காரனுக்குப் புது ஸ்பானர் வந்துவிட்டால் அன்று மதியம் அவளுக்குச் சூப் இறங்காது. எதிர்வீட்டு ஜன்னலில் பூ கொஞ்சம் கூடுதல் சிவப்பாகப் பூத்தாலும் ஒரு வாரம் திரைச்சீலையை இழுத்து மூடி வைப்பாள்.

ஆனால் கட்டிய கணவன் விஷயத்தில் பொறாமைப்பட அவளுக்கு வாய்ப்பே கிடைத்ததில்லை. போஹுஷ் அப்படிப்பட்ட ஆள். சமையலறை அலமாரி செய்கிற தச்சன், முன்னால் தள்ளிய தொப்பை, வாயைத் திறந்தால் எந்தப் பசை எந்த மரத்துக்கு ஒட்டும் என்பதுதான் பேச்சு. அவனை எவள் கொத்திக்கொண்டு போகப்போகிறாள்?

சனிக்கிழமையானால் இருவரும் குடியிருப்பின் நிலவறைக்குப் போய்விடுவார்கள். வளையத்தில் ஓட்டுகிற வயதான கோஷ்டியின் சைக்கிள்கள் எல்லாம் அங்கேதான் ரிப்பேருக்கு வரும். மரத்தில் மன்னனான போஹுஷுக்கு இரும்பு என்றால் கொஞ்சம் பயம். ஒவ்வொரு திருகாணிக்கும் அவளைச் செல்லப்பெயரில் கூப்பிட்டு, "யர்கா, இதை என்ன பண்றது?" என்று திரும்பிப் பார்ப்பான். அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டு, "தள்ளு மனுஷா" என்று வந்து செய்து கொடுப்பாள். கல்யாணம் என்று அவள் நினைத்தது இதைத்தான். முத்தத்தைவிட அந்தக் கேள்விதான் அவளுக்கு இனித்தது.

இப்படி இருக்கும்போதுதான் ரெனாட்டா வந்து சேர்ந்தாள். பல் மருத்துவரிடம் உதவியாளர், விவாகரத்தானவள். சிரித்தால் தன் தொழிலுக்குத் தானே விளம்பரம் மாதிரி அத்தனை பல்லும் தெரியும். கோஷ்டியில் சேர்ந்த முதல் மாதமே அவளும் போஹுஷும் ஒயின் கோப்பையைத் தட்டிக்கொண்டு, 'நீங்க'வை விட்டு 'நீ'க்கு வந்துவிட்டார்கள். அந்த ஊரில் அது சின்ன விஷயமில்லை, சாட்சி வைத்துச் செய்கிற சடங்கு. யர்மிலா அப்போது வறுத்த சாசேஜுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். கடுகுச் சாந்தோடு திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் ரெனாட்டாவை வீம்புக்கு 'நீங்க' என்றே கூப்பிட்டாள்.

ஒரு நாள் ரெனாட்டா ஒரு யோசனையோடு வந்தாள். வளையத்தில் எப்போதும் இடப்பக்கம்தானே திரும்புகிறோம்? செயினும் பல்சக்கரமும் இடப்பக்கம் இருந்தால் பாரம் உள்பக்கம் தாழ்ந்து நின்று வண்டி வேகமாகத் திரும்பும், வெளிநாட்டில் அப்படிச் செய்கிறார்களாம்.

பந்தயத்துக்கு விசில் ஊதுகிற கிழவர் ஹினெக் கண்ணை இடுக்கினார். "அப்ப நான் இடப்பக்க மீசையை மட்டும் வெச்சுக்கிட்டா இன்னும் வேகமாப் போவேனே!"

எல்லோரும் சிரித்தார்கள். போஹுஷ் சிரிக்கவில்லை. "பண்ணிடலாம் ரெனாட்டா. எங்கிட்ட விடு," என்றான்.

அன்றே யர்மிலாவின் வயிற்றில் நெருப்பு விழுந்தது. அதற்கு எண்ணெய் ஊற்றுகிற மாதிரி, அடுத்த சனிக்கிழமை அவன் தனியாக நிலவறைக்கு இறங்கி உள்ளே தாழ் போட்டுக்கொண்டான்.

"நான் வரவா?" என்று படியில் நின்று கத்தினாள்.

"வேணாம், வேணாம்! முடிஞ்சதும் காட்டறேன். நீயே அசந்துபோயிடுவே!"

உள்ளே விசிலடித்துக்கொண்டே வேலை செய்தான். யர்மிலா, தன் சைக்கிளுக்கு அவன் ஒரு நாளாவது விசிலடித்து எண்ணெய் போட்டிருக்கிறானா என்று யோசித்துப் பார்த்தாள். இல்லை.

வசந்தம் முழுக்க இப்படியே போயிற்று. ஒரு மாலை அவன் பீர் வாங்கப் போன நேரத்தில் மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். ஸ்டாண்டில் ரெனாட்டாவின் சைக்கிள் பளபளவென்று நின்றது. பின்சக்கரத்தைத் திருப்பி, இடப்பக்கம் பல்சக்கரத்தைப் போல்ட் போட்டு இறுக்கியிருந்தான். செயின் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. 'நல்லாத்தான் பண்ணியிருக்கான் பாவி' என்று நினைத்தாள். தன்னைக் கேட்காமலே இவ்வளவும் செய்துவிட்டானே என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

அப்புறம் குனிந்து பெடலைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

பெடலைத் தாங்கும் வலது பக்கத்துக் கிராங்குத் தண்டை முன் பல்சக்கரத்தோடு அப்படியே கழற்றி இடது பக்கம் மாட்டியிருந்தான். பெடல் மாட்டும் துளையின் திருகு மரை இரண்டு பக்கமும் ஒன்றில்லை. வலப்பக்கத்துக்கு ஒரு மாதிரி, இடப்பக்கத்துக்கு அதற்கு நேர் எதிர். அப்படி இருந்தால்தான் மிதிக்க மிதிக்கப் பெடல் தானே தளராமல் நிற்கும். பக்கம் மாற்றினால் மிதிக்க மிதிக்கக் கழன்றுகொண்டே வரும். டிராம் பணிமனையில் துடைப்பம் பிடிக்கிறவனுக்கும் இது தெரியும். போஹுஷ் என்ன செய்திருந்தான்? மரையில் பசை போட்டு இறுக்கியிருந்தான். தச்சன் புத்தி! நாற்காலிக் கால் மாதிரி இதுவும் நின்றுவிடும் என்று நினைத்திருக்கிறான்.

சரியான வழி இல்லாமலில்லை. அது அவள் தலைக்கு மேலேயே சுவரில் தொங்கியது. இருவர் ஓட்டும் டாண்டம் சைக்கிள். கல்யாணமான புதிதில் முன்னால் அவன், பின்னால் அவள் என்று மொராவியா முழுக்கச் சுற்றிய வண்டி. டாண்டத்தில் இரண்டு பேரின் மிதியையும் இணைக்கிற செயின் இடப்பக்கம்தான் ஓடும். அதனால் அதன் இடது கிராங்கிலேயே பல்சக்கரமும் உண்டு, மரையும் இடப்பக்கத்துக்கே ஆனது. அதைக் கழற்றி மாட்டினால் ரெனாட்டாவின் வண்டி ஆயுளுக்கும் ஓடும். டாண்டம் செத்துவிடும்.

'என் வண்டியின் எலும்பை எடுத்து அவளுக்குப் பூட்டவா?' யர்மிலா கதவைப் பூட்டிக்கொண்டு மேலே வந்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்தாள். "அந்த வண்டியில எங்கிட்ட ஏதாவது கேக்கணுமா?"

"ஒண்ணும் வேணாம். எல்லாம் கைகூடிடுச்சு," என்று உருளைக்கிழங்கை விழுங்கினான்.

'சரி. எல்லார் முன்னாடியும் அவ குப்புற விழட்டும்' என்று யர்மிலா வாயை மூடிக்கொண்டாள்.

பந்தய ஞாயிறு வந்தது. வளையத்துச் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது, கால் ஓய்ந்தாலும் பெடல் ஓயாது. நின்ற இடத்திலிருந்து புறப்பட, பின்னால் ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ரெனாட்டா நேராக யர்மிலாவிடம் வந்தாள்.

"யர்மிலா, என்னை நீங்க பிடிச்சுக்கறீங்களா? போஹுஷ் பிடிச்சா அவன் கை நடுங்குது."

'ஏன் நடுங்குது? என்னைப் பிடிச்சப்ப ஒரு நாளும் நடுங்கலையே!' பல்லைக் கடித்துக்கொண்டு போய்ச் சீட்டைப் பிடித்தாள். ரெனாட்டா ஏறிக் காலைப் பெடல் வாரில் பூட்டினாள். முதுகு ஒல்லியாக இருந்தது. ஹெல்மெட்டுக்குக் கீழே பிடரி மயிர் வியர்த்து ஒட்டியிருந்தது, பயந்த பிள்ளையின் பிடரி மாதிரி. எதிரே வளைவில் சுவர் போலச் சரிந்து ஏறும் சிமெண்ட் ஓடுபாதை. அதில் வேகமாகப் போகும்போது பெடல் கழன்றால் இவள் குப்புற விழுவதோடு நிற்காது, கழுத்து முறியும். இத்தனை நாள் அதை நினைக்காமலேயே இருந்திருக்கிறோம் என்று அவளுக்கு உடம்பு கூசியது.

ஹினெக் விசில் ஊதினார். ரெனாட்டா மிதித்தாள். யர்மிலா விடவில்லை.

"விடுங்க!" என்று ரெனாட்டா கத்தினாள். இருவருமாகச் சாய்ந்து புல்லில் விழுந்தார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"பெடல் கழண்டுடும். மரை தப்பு," என்றாள் யர்மிலா எழுந்து.

போஹுஷ் முகம் சிவந்து ஸ்பானரோடு ஓடி வந்தான். பெடலை முறுக்கிப் பார்த்தான். பசை பிடித்திருந்தது, அசையவில்லை. "கல்லு மாதிரி இருக்கு! எரிச்சலை வீட்டுல வெச்சுக்கக் கூடாதா யர்கா? ஊரே பாக்குது."

"அடுப்பு எங்கேயோ புகையுது," என்றார் ஹினெக். மறுபடியும் சிரிப்பு.

யர்மிலாவுக்குக் காது வரை சுட்டது. சிரித்தவர்களில் ஒருவரும் அவளைப் பற்றித் தப்பாகச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. பெடலில் பூட்டுவதற்கான ரெனாட்டாவின் காலணியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டாள், அளவு இறுக்கியது. வண்டியில் ஏறினாள். "பிடி!" என்றாள் கணவனிடம். அவன் பிடித்தான். அவன் கை நடுங்கவில்லை, அதையும் அவள் கவனித்தாள்.

முதல் சுற்றுப் போயிற்று. இரண்டாவது சுற்றில் எழுந்து நின்று கோபமெல்லாம் காலில் இறங்க மிதித்தாள். வளைவு முடிகிற இடத்தில் இடது கால் லேசானது. அடுத்த கணம் பெடலும் காலணியுமாகக் கால் காற்றில் இருந்தது, வண்டி உள்பக்கம் சரிந்தது, யர்மிலா சிமெண்டில் தேய்ந்துகொண்டே போய்ப் புல்லோரம் நின்றாள்.

முதலில் ஓடி வந்தவள் ரெனாட்டா, வெறும் சாக்ஸோடு. பக்கத்தில் உட்கார்ந்து, பல் ஓட்டையில் வேலை செய்கிற நுணுக்கத்தோடு முழங்கையிலிருந்து மண்ணை எடுத்தாள். "எனக்காக விழுந்திருக்கீங்க. நானா இருந்தா இந்நேரம் என் மூஞ்சியே இருந்திருக்காது," என்று அழுதாள். ஹினெக் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

போஹுஷ் கழன்ற பெடலைக் கையில் வைத்துக்கொண்டு வெளுத்துப்போய் மண்டியிட்டான். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "நான் முட்டாள். உன்னைக் கேட்டிருக்கணும். யர்கா, இதை என்ன பண்றது? செயின் இடப்பக்கமே நிக்க ஏதாவது வழி இருக்குமில்ல?"

வசந்தம் முழுக்கக் காத்திருந்த கேள்வி. அவளுக்குச் சிராய்ப்பெல்லாம் மறந்து உள்ளே சில்லென்று இறங்கியது. ரெனாட்டாவும் அவள் முழங்கையைப் பிடித்தபடியே ஆவலோடு முகத்தைப் பார்த்தாள். வழி யர்மிலாவுக்குத் தெரியும். நிலவறைச் சுவரில் எந்த ஆணியில் தொங்குகிறது என்றுகூடத் தெரியும்.

"வழியே இல்ல," என்றாள் நிதானமாக. "யாராலயும் முடியாது. வலப்பக்கமே மாட்டிக் குடுத்துடு."

போஹுஷ் தலையாட்டினான். இரும்பு விஷயத்தில் அவள் சொன்னதை அவன் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. ரெனாட்டா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போனாப் போகுது, நீங்க பிழைச்சீங்களே, அதுவே போதும்," என்று குனிந்து அவள் கன்னத்தில் முத்தமிட்டாள். யர்மிலா கன்னத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.