வேறொருவரின் இஞ்சின்

லயனல் கொடிதுவக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வரைபடம் வரைபவராக இருந்து ஓய்வு பெற்றவர். வெலிகமைக்கு நான் தபால் வேலைக்கு வந்த நாளிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர். பஸ்ஸில் யாராவது அவர் காலை மிதித்தால், மன்னிப்புக் கேட்பவர் அவராகத்தான் இருப்பார்.

அவருடைய கொட்டகையில் ஒரு மொரிஸ் மைனர் ஓடாமல் நின்றது. ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருந்த அவருடைய அப்பா வாங்கியது. ஊரில் பாதிப் பேரின் பிரசவத்துக்குப் போன கார் என்பார்கள். அக்கா சித்ராணியின் மகனுக்குத் திருமணம் நிச்சயமானதும், மாப்பிள்ளை அந்தக் காரில்தான் வரவேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்றாள். ரயில் கடவைக்குப் பக்கத்தில் கராஜ் வைத்திருந்த மெக்கானிக் ஹேமபால, ஊருக்கே 'பாஸ்', இஞ்சினை இறக்கினார். அந்தக் காருக்கு நாற்பது வருடமாகக் கை வைத்தவர் அவர் ஒருவர்தான்.

இஞ்சினை முழுதாகப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, பலகையில் வரிசையாக வைத்திருந்தார். லயனல் சும்மா இருக்கமாட்டாமல் காரின் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் போய், இஞ்சினில் அடித்திருந்த சிறு தகட்டைத் துடைத்துப் பார்த்தார். இலக்கம் வேறாக இருந்தது.

"பாஸ், இது எங்கட இஞ்சின் இல்லையே?"

"அந்தக் காலத்தில கிளாக்கர்மார் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவாங்கள், மாத்தயா. விடுங்க."

"ஒரு எழுத்துப் பிழையெண்டா விடலாம். இதில ஒரு எழுத்தும் சரியில்ல. என்னைப் பாத்துச் சொல்லுங்க."

பாஸ் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார். பிறகு சொன்னார்.

எண்பத்தொன்பதாம் ஆண்டுக் கடைசி. தெற்கில் கிளர்ச்சி செய்த பொடியன்களை அரசாங்கம் வேட்டையாடி, தெருவில் பிணம் கிடந்த காலம். ஊரடங்கில் நோயாளிகளை ஏற்றியிறக்கியதில் அப்பாவின் இஞ்சின் எண்ணெய் வற்றி இறுகிப்போனது. மாற்று இஞ்சின் எங்கும் கிடைக்கவில்லை. மாத்தறைப் பக்கம் ஒரு படை முகாமுக்குப் பின்னால் கார்களை உடைத்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு பாஸ் போனார். அங்கே நின்ற ஒரு மொரிஸை அவருக்குத் தெரியும். அக்குரஸ்ஸையில் படிப்பித்த சுமனவீர ஆசிரியரின் கார். இரண்டு மாதத்துக்கு முன்புதான் பாஸே அதற்கு பிரேக் பார்த்திருந்தார். ஆசிரியர் காணாமல் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் லயனல்.

"ஆருடைய இஞ்சின் எண்டு சொன்னன். முற்றத்தில கொஞ்ச நேரம் நிண்டார். பிறகு, 'காரில பூட்டு' எண்டார்."

லயனல் இரண்டு வாரம் கராஜ் பக்கம் போகவில்லை. சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார் என்று அவருடைய மனைவி என்னிடம் வந்து சொன்னாள். அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது, தம்பியை 'மல்லி' என்றே கூப்பிடுகிறவள் வெடித்தாள்.

"செத்துப்போன மனுசனைக் கள்ளனாக்கப் போறியா மல்லி? அந்த இஞ்சினாலதானே எத்தின பொம்பிளையள் பிழைச்சாங்க!"

"அதுவும் உண்மைதான் அக்கா."

"அப்ப வாயை மூடிக்கொண்டு இரு!"

மூடிக்கொண்டு இருக்க அவரால் முடியவில்லை. பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாளில் அக்குரஸ்ஸைக்கு பஸ் ஏறினார். ஆசிரியரின் மனைவி யசவதி அதே வீட்டில்தான் இருந்தாள். லயனல் சொன்னதைக் கேட்டு அவள் அழவில்லை, திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கார் எங்க நிண்டது?"

அடுத்த நாள் அவளே கராஜுக்கு வந்துவிட்டாள். பாஸ் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"என்ர வீட்டில கலியாணச் சோறு திண்ட மனுசன் நீங்க, பாஸ். இருபத்தேழு வருசம்! நான் எந்த வாசலெல்லாம் ஏறினன் எண்டு உங்களுக்குத் தெரியாதா?"

"பயம், நோனா. எனக்கும் ரெண்டு பொடியன்மார் இருந்தாங்கள்."

"பயம் எப்ப போச்சு?"

பாஸ் பலகையிலிருந்த ஒரு வால்வை எடுத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தார். அவள் குரலைத் தணித்தாள்.

"காருக்குள்ள என்ன இருந்தது?"

"பின் சீட்டில ஒரு குடை. ஒரு கட்டுக் கொப்பி. பிள்ளைகள்ற கணக்குக் கொப்பி. சிவப்பு மையால திருத்தியிருந்தது."

அப்போதுதான் யசவதி ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்த நாட்களில், ஆசிரியர் காட்டுக்குள் இருந்த கிளர்ச்சிப் பொடியன்களோடு சேர்ந்துவிட்டார் என்றார்கள் சிலர். தங்காலையில் இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறார் என்றார்கள் வேறு சிலர். அவளுடைய சொந்தத் தம்பியே அதை நம்பினான்.

"பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்திருக்கிறார்" என்றாள். இதை இரண்டு தடவை சொன்னாள்.

இஞ்சினை என்ன செய்வது என்று லயனல் கேட்டார். "ஓடுங்க, ஓடாம விடுங்க, எனக்கு ஒண்டுதான் மல்லி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பாஸ் வேலையை முடித்தார். சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன் போட்டு, வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்து, இஞ்சினைக் காரில் பூட்டினார். முதல் சாவியிலேயே அது பிடித்தது. தையல் மெஷின் போல ஒரே சீராக ஓடியது. வழக்கமாக இஞ்சின் பிடித்தால் வெற்றிலையை எடுத்து நீட்டும் மனிதர் அன்று உடனே சாவியைத் திருப்பி அணைத்தார்.

கணவருக்கு என்ன நடந்தது என்று வழக்குப் போட, யசவதி மாத்தறையில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்திருந்தாள். காரை உடைத்த இடத்தைச் சொல்ல ஆளும் வேண்டும், பொருளும் வேண்டும் என்றார் அவர். சத்தியக் கடதாசி கொடுத்தால் இஞ்சின் நீதிமன்றத்துக்குப் போய்விடும், திரும்பி வருவது நிச்சயமில்லை என்றும் லயனலிடம் ஒளிக்காமல் சொன்னார். திருமணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. லயனல் கையெழுத்துப் போட்டார். பாஸ் தயங்குவார் என்று நினைத்தோம். "எழுபத்தாறு வயசு. இனி என்னட்ட இருந்து என்னத்தைக் கொண்டு போகப் போறாங்க?" என்று பேனாவை வாங்கினார்.

ஐந்தாம் நாள் பொலிஸார் லொறியோடு வந்தார்கள். பாஸ்தான் இஞ்சினைத் திரும்பக் கழற்றிக் கொடுத்தார். மாப்பிள்ளை வாடகைக் காரில் போனான். லயனலுக்குத் திருமண அழைப்பு வரவில்லை. அன்று முழுக்க அவர் கொட்டகையில் காரின் கதவுகளை மினுக்கிக்கொண்டிருந்தார்.

வழக்கு நாலு வருடமாகத் தவணை தவணையாகப் போகிறது. முகாம் இருந்த இடத்தில் இப்போது தென்னந்தோப்பு. பெயர் சொல்லப்பட்ட அதிகாரிகளில் ஒருவர் வெளிநாட்டில், இருவர் உயிரோடு இல்லை. பாஸ் சாட்சி சொன்ன மூன்றாம் மாதம் இறந்தார். ஒவ்வொரு தவணைக்கும் லயனலும் யசவதியும் தனித்தனி பஸ்ஸில் போய், நீதிமன்றத்தில் ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள்.

போன தடவை லயனல் நீதிமன்றக் களஞ்சியப் பொறுப்பாளரிடம் ஒரு போத்தல் எண்ணெயோடு போய் நின்றாராம். சும்மா கிடந்தால் பிஸ்டன் இறுகிவிடும், சிலிண்டருக்குள் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டிருக்கிறார். சாட்சிப் பொருளைத் தொடக்கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சென்ற மாதம் அக்காவுக்குப் பேரன் பிறந்தான். லயனல் துணிந்து போனார். அவள் கேட்டைத் திறந்தாள், குழந்தையைக் கையில் கொடுத்தாள், தேத்தண்ணி ஊற்றினாள். காரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.