வெளுத்த பாட்டிலில் விழுந்த ஊசிகள்

"காஸ்டிக் கொதிக்கிற எடம்மா இது. ஒங்க வீட்டுல மொதமொதலா படிச்சவ நீதான்ற. நாலு நாள்ல ஓடிடுவ."

2007இல் கடலூர் தொழிற்பேட்டையில், ஒரு சிறிய ரசாயன நிறுவனத்தின் ஆய்வகத்தில் சேர்ந்த அன்று மேலாளர் சொன்னது. அண்ணாமலை நகரில் எம்.எஸ்சி. முடித்து, சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்தேன். ஓடவில்லை.

ஏழாவது மாதம் ஓர் அலுமினா ஆலையிலிருந்து லிக்கர் வந்தது. அலுமினியத் தாதுவான பாக்சைட்டைக் காஸ்டிக் சோடாவில் கரைத்த கரைசல். மண்ணோடு வந்த மட்கிய பொருள் சேர்ந்து கடுங்காப்பி நிறம். இந்த ஆர்கானிக் அசுத்தம் ஏறினால், அலுமினா ஆகப்போகும் வெள்ளைப் படிகமான ஹைட்ரேட் குறைவாக விழும், விழுவதும் பொடியாகும். அதை நீக்க நாங்கள் ஒரு பாலிமர் செய்திருந்தோம். ஆலைப் பொறியாளர் மறுநாள் பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது.

பாலிமர் கலந்து வடிகட்டியதும் லிக்கர் வெளிர் மஞ்சளானது. மேலாளர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆர்கானிக் போச்சுன்னு ரிப்போர்ட் போட்டுடும்மா." 'பரிசோதித்தவர்' என்ற இடத்தில் என் பெயர். ஆலை டேங்கின் சூடு இருக்கட்டும் என்று பாட்டிலை அறுபது டிகிரி ஓவனில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

காலையில் அதன் அடியில் வெள்ளை ஊசிகள்.

ஹைட்ரேட்டாக இருக்கலாம். கழுவி, ஆசிட்டில் கரைத்து, சூடாக்கி, பெர்மாங்கனேட் சொட்டினேன். முதல் சொட்டின் ஊதா நிறம் தயங்கிப் போனது. அடுத்தவை விழுந்த வேகத்தில் மறைந்தன. ஹைட்ரேட் அல்ல, ஆக்ஸலேட். நிறமே இல்லாத ஆர்கானிக். பழுப்புப் பொருள் இருந்தவரை அது படிகமாகாமல் கரைசலிலேயே நின்றது. பழுப்பை எடுத்ததும் விழுந்துவிட்டது. ஆலையில் ஹைட்ரேட்டோடு விழுந்தால் சரக்கு கெடும்.

மணி பத்து.

"சார், கலர்தான் போயிருக்கு. ஆக்ஸலேட் போவல."

"அந்த பாட்டில உள்ள வை. புதுசா ஒண்ணு போட்டுக் காட்டு. அவுரு ஒரு மணி நேரந்தான் இருப்பாரு."

"அவுங்க டேங்க்ல லிக்கர் மணிக்கணக்கா நிக்குமே சார்."

"ஆர்டர் போனா ஒனக்கும் வேல இல்ல, தெரியும்ல?"

புதிதாக ஒன்று போட்டேன். மேசையில் இரண்டு பாட்டிலையும் வைத்தேன்.

பொறியாளர் ஊசி பாட்டிலைத்தான் எடுத்துக் குலுக்கினார். மேலாளர் என்னைப் பார்க்கவில்லை.

"கலர் போன பாட்டில நாலு கம்பெனி காட்டிட்டாங்க. இத யாரும் காட்டல. ஆர்டர் இப்ப கெடையாது. ஹைட்ரேட் டேங்குக்கு முன்னாடியே இத விழ வெக்க முடியுமாம்மா?" என்று பொறியாளர் என்னிடம் கேட்டார்.

"இந்த ஊசியையே வெதையா போட்டா மிச்சமும் அதுல ஒட்டி விழுமான்னு பாக்கலாம் சார்."

பதினொரு நாள் போட்டுப் பார்த்தோம். விழுந்தது. ஆலையில் சோதனை நடத்த அழைப்பும் வந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நிறத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதாதீர்கள். பாட்டிலை ஒரு நாள் நிற்க விடுங்கள்.

"அங்க காஸ்டிக் பைப் பைப்பா ஓடும். யார அனுப்புறது?" என்று அழைப்பு வந்த அன்று மேலாளர் கேட்டபோது மதியம் ஆகியிருந்தது. அழைப்போடு வந்த கேட் பாஸ் படிவத்தில் என் பெயரையும், பாதுகாப்பு ஷூ அளவு ஆறு என்பதையும் எழுதி, காலையிலேயே ஃபேக்ஸ் அனுப்பியிருந்தேன்.