கறுப்பு அக்குள்காரன்

பாணேரில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் மத்தியானம் வரிசையில் நின்று சாப்பிடுவது என் சமையல்தான். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி. ஆனால் புது அரிசியைப் பழைய அரிசி என்று சொல்லி என்னிடம் இதுவரை ஒருவனும் விற்றதில்லை. அந்தக் கண் எனக்குப் பத்து வயதிலேயே வந்துவிட்டது. நாங்கள் பிழைக்க வந்து குடியிருந்த தாபோடி ஆற்றங்கரையே அதற்குச் சாட்சி.

அம்மாவின் தம்பி, என் மாமா, தூத்துக்குடி உப்பளத்தை விட்டுவிட்டு வேலை தேடி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அப்பா தோட்டவேலை பார்த்த பங்களாவின் அதிகாரிக்குப் பறவைப் பைத்தியம். குளிர்காலத்தில் ஆற்றுக்கு வரும் பறவைகளைத் தினமும் எண்ணிக் குறிக்க அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. தன் மச்சினனுக்குத் தெரியாத பறவையே இல்லை என்று அப்பா வாய்விட்டுவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சோதித்துப் பார்க்க அதிகாரி ஆற்றுக்கு வரச் சொன்னார். மாமா தோற்றால் ஊருக்கு ரயிலேற வேண்டும். அப்பா முதலாளி முன் பொய்யனாக நிற்க வேண்டும். நானும் ஒட்டிக்கொண்டேன்.

சேற்றில் இரண்டு பறவைகள் நின்றன. ஒரே உயரம், ஒரே தவிட்டு நிறம், நீண்ட மூக்கு. இரண்டும் ஒரே இனமா, வேறா என்று அதிகாரி இந்தியில் கேட்டார்.

"உள்ளான்," என்றார் மாமா.

"எது?"

"ரெண்டுந்தான்."

உப்பளத்தில் சேற்றைக் கொத்துகிற சின்னப் பறவை எல்லாமே உள்ளான்தான். அதற்கு மேல் பிரிக்க அங்கே யாருக்கும் அவசியம் வந்ததில்லை.

"நல்லாப் பாத்துச் சொல்லு மாப்ள," என்றார் அப்பா.

"எத்தன தடவ பாத்தாலும் உள்ளான்தான் அத்தான்."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"வேற வேற சாப்!"

"ஏட்டி, சும்மா கெட!" என்று மாமா என் தோளைப் பிடித்தார்.

நான் விடவில்லை. முதுகில் புள்ளிச்சட்டை, மஞ்சள் கால், அது ஒன்று. மற்றது எப்போதும் தனியாள், பறந்தால் அக்குள் கறுப்பு என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கொட்டினேன்.

அதிகாரி கையைத் தட்டினார். இரண்டும் எழும்பின. ஒன்றுக்கு இறக்கையின் அடி சாம்பல் வெளுப்பு. இன்னொன்றுக்குக் கரி பூசியது போல் கறுப்பு, வால் மேட்டில் மட்டும் சுண்ணாம்பு வெள்ளை.

அதிகாரி தூரக்கண்ணாடியை இறக்கி என்னை மட்டும் பார்த்தார். இவை எப்போது வரும் என்று கேட்டார்.

அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். "மழை நின்னதிலேருந்து தினமும் வருது சாப்! பத்து மணிக்கு இந்தச் சேறு, சாப்பாட்டு நேரத்துல பாலத்தடி, நாலு மணிக்குத் திரும்ப இங்க!"

அப்பா மெல்லத் திரும்பினார். பள்ளிக்கூடம் பத்திலிருந்து நாலு வரை.

வேலை மாமாவுக்குக் கிடைத்தது, பிள்ளையும் கூட வரவேண்டும் என்ற பேச்சோடு. வீடு வரும்வரை முதுகில் அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை.

மறுநாள் காலை அப்பா என் பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்துப் புத்தகங்களைப் பரண்மேல் போட்டார். இரண்டு பேருக்கான சப்பாத்தியைப் பைக்குள் வைத்து மாமாவின் தோளில் மாட்டினார்.

"இந்த வருசமாவது முடிக்கட்டுமேங்க," என்றாள் அம்மா.

"ரெண்டு மாசமாப் போகாத பிள்ளைக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்?"

மாமா யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பைத் தேடினார். அம்மாவின் கண் கலங்கியிருந்தது. பாவம், அவளுக்குப் பறவைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, மாமாவை முந்தி ஆற்றுக்கு ஓடினேன்.