கிணற்றின் நடுவே ஒரு சுவர்

ஸ்டுடியோக்காரர் வாயைத் திறந்தால் முதலில் வருவது "கொஞ்சம் சிரிங்க" என்பதுதான். பாஸ்போர்ட் படத்துக்கு வந்து உட்கார்ந்தவரிடமும் பழக்கதோஷத்தில் அதையே சொல்லிவிட்டு, பிறகு "வேணாம், வேணாம், சும்மா பாருங்க" என்று திருத்திக்கொள்வார். கடைத்தெருவின் கோடியில், ஒரு மாடிப்படிக்குக் கீழே அவருடைய கடை. உள்ளே ஒரு முக்காலி, ஒரு நீலத் திரை, பல் உடைந்த ஒரு சீப்பு. அந்தச் சீப்பால் தலை வாராத ஆளே ஊரில் இல்லை எனலாம். இப்படி ஊரையே சிரிக்கவைத்தவர், அடுத்த வீட்டில் இருக்கிற சொந்த அண்ணனைப் பார்த்துச் சிரித்துப் பல வருஷங்கள் ஆகியிருந்தன.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊர் அவருக்கு வைத்த பேர் 'பிரேக்'. கற்றுக்கொள்ள வந்தவர்கள் சாவியைத் தொடும் முன்பே "பிரேக், பிரேக்" என்று கத்துவாராம். கோபத்துக்கு மட்டும் அவரிடம் பிரேக் கிடையாது. அந்த விஷயத்தில் தம்பியும் சளைத்தவர் இல்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

சண்டைக்குக் காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அண்ணன் மகளின் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படம்தான் காரணம். பிலிம் போட்டுப் படம் எடுத்த காலம் அது. ரோலில் கடைசியாக ஒரு படத்துக்குத்தான் இடமிருந்தது. எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, சிரிக்கவைத்து, ஸ்டுடியோக்காரர் பட்டனை அமுக்கினார். கழுவிப் பார்த்தால் எல்லோரும் லட்சணமாக விழுந்திருக்கிறார்கள், பெண்ணைப் பெற்றவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். "நான் கண்ண மூடுற நேரம் பாத்து வேணும்னே அமுக்கியிருக்கான்" என்று அண்ணன் சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லிவிட்டார். தொழிலில் குறை சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? "இவரு வண்டி ஓட்டச் சொல்லிக்குடுக்கிறதும் கண்ண மூடிக்கிட்டுத்தான்" என்றார் தம்பி. கூடியிருந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். தம்பி சொன்னதை அண்ணன் ஒருவேளை மறந்திருப்பார், அந்தச் சிரிப்பைத்தான் அவரால் மறக்க முடியவில்லை.

அப்பா கட்டிய வீட்டை முன்பே இரண்டாக்கி ஆளுக்குப் பாதியில் இருந்தார்கள். சண்டைக்குப் பிறகு கொல்லைக்கும் குறுக்கே சுவர் வந்தது. கொல்லையின் நட்டநடுவில் கிணறு. அதை விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனமில்லை. கொத்தனார் தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். கடைசியில் கிணற்றின் குறுக்கே ஓர் இரும்புக் கர்டரைப் போட்டு, அதன் மேல் சுவரை எழுப்பிவிட்டுப் போனார். இந்தப் பக்கம் அரை வட்டம், அந்தப் பக்கம் அரை வட்டம். ஆளுக்கொரு மோட்டார். இரண்டு மோட்டாரின் குழாய்களையும் அதே கர்டரில்தான் கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தது. நீரடித்து நீர் விலகாது என்பார்கள். மேலே எவ்வளவு செங்கல் அடுக்கினாலும் கீழே இருந்த தண்ணீர் ஒன்றாகத்தான் இருந்தது.

கிணறு என்றால் சும்மா இறைத்துக்கொண்டே இருக்கிற சமாச்சாரம் இல்லை. மேலே போட்ட வலையில் சேரும் இலையை அள்ள வேண்டும். குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு, மோட்டார் நின்றதும் தண்ணீர் கீழே இறங்கிவிடாமல் பிடித்துவைக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழைக்குப் பிறகு பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட வேண்டும். சுவர் எழும்பிய முதல் மழையில் ஸ்டுடியோக்காரர் வீம்பாக யாரிடமும் சொல்லாமல் பவுடரை ஊற்றிவிட்டார். அது தெரியாமல் அண்ணன் குளித்துவிட்டுக் கண்ணெல்லாம் சிவந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடுமில்லையா, தம்பிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கடுத்த முறை அவர் ஸ்பேனரை எடுத்துத் தன் குழாயில் மூன்று தரம் தட்டினார். கர்டர் வழியாகச் சத்தம் அந்தப் பக்கம் போயிற்று. அண்ணனுடைய மோட்டார் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அங்கிருந்து இரண்டு தட்டு வந்தது.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. மூன்று தட்டினால், 'மருந்து ஊற்றப்போகிறேன், மோட்டாரை நிறுத்து.' விடாமல் தட்டினால், 'தண்ணீர் இறங்கிவிட்டது, கொஞ்சம் பொறு.' இரண்டு தட்டு என்றால், 'சரி.' 'சரி' வராமல் இருவரும் எதையும் செய்ததில்லை. தட்டுகிற விதத்தை வைத்தே அண்ணனுக்கு உடம்பு எப்படி, மனசு எப்படி என்று ஸ்டுடியோக்காரர் சொல்லிவிடுவார். வெயில் காலத்தில் தண்ணீர் அப்படியொன்றும் இறங்காதபோதும் சில நாள் போய்த் தட்டுவார். "இப்ப எதுக்குத் தட்டுறீங்க, தண்ணிதான் நெறைய கெடக்கே" என்று மனைவி கேட்டால், எதற்கும் முன்ஜாக்கிரதை வேண்டும் என்பார். உண்மையில் அவருக்கு அந்த இரண்டு தட்டு வேண்டியிருந்தது. அண்ணன் என்று ஒருவர் இருக்கிறார், தன்னை அடியோடு வெறுத்துவிடவில்லை என்பதற்கு அவரிடம் வேறு அத்தாட்சி இல்லை.

இந்த வருஷம் மழை விட்ட பிறகு தண்ணீரில் மண்வாடை அடித்தது. இரண்டு நாளில் அது நாற்றமாகவே மாறிற்று. ஸ்டுடியோக்காரர் பவுடரை வாளியில் கரைத்து, தெளியவைத்துவிட்டு, போய் மூன்று தட்டினார். பதில் இல்லை. அண்ணனுடைய மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை தட்டினார். அதற்கும் ஒன்றும் வரவில்லை. வாளியில் கரைத்ததை மூடிவைத்துவிட்டுக் கடைக்குப் போனார்.

மறுநாளும் தட்டினார், அதற்கு மறுநாளும். மோட்டார் அங்கே நேரத்துக்கு ஓடுகிறது, நேரத்துக்கு நிற்கிறது, ஆள் இருப்பது தெரிகிறது. பதில்தான் வரவில்லை. கரைத்த மருந்தின் வீரியம் போய்விட்டதென்று கீழே கொட்டிவிட்டு, புதிதாகக் கரைத்தார். வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் தெருமுனைக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்தார்கள்.

"ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடுங்களேன்" என்றாள் மனைவி. அந்த வீட்டு அக்கா தன் மகளின் பேறுகாலத்துக்குப் போய் எவ்வளவு நாளாகிறது, மனிதர் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு கிடக்கிறார், என்னவோ ஏதோ என்றும் சொன்னாள்.

ஸ்டுடியோக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆள் நன்றாகத்தான் இருக்கிறார், காலையில் பேப்பர் வாங்கியதைக் கண்ணால் பார்த்தேன், இது திமிர் என்றார். பதில் வரட்டும், ஊற்றலாம் என்றார். வராவிட்டால் ஊற்றிவிடுங்களேன், அவர் கண் எரிந்தால் எரியட்டும் என்று மனைவி வேண்டுமென்றே சீண்டியபோது மட்டும், "அதெப்படி ஊத்துறது?" என்று அவளிடம் எரிந்து விழுந்தார்.

கடையில் அவருக்கு வேலை ஓடவில்லை. ஒரு குழந்தையைப் படம் பிடிக்க வந்தார்கள். கிலுகிலுப்பையை ஆட்டியபடி, பார்வை எங்கேயோ இருக்க நின்றார். குழந்தை சிரித்தது, அவர் பட்டனை அமுக்கவில்லை. கர்டர், சுவர், கிணறு எல்லாம் அப்படியே இருக்க, அண்ணன் மட்டும் விலகிவிட்டார் என்று அவருக்குத் தோன்றியது. சண்டை போட்ட அன்றுகூட இவ்வளவு வலிக்கவில்லை. அன்றைக்குக் கோபம் இருந்தது, துணைக்கு அது போதுமாக இருந்தது.

கடைக்கு விடுமுறை நாள் ஒன்றில், முற்பகலில், அவர் கொல்லையில் வலையிலிருந்து இலையை அள்ளிக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓட ஆரம்பித்தது. ஆரம்பித்ததுமே சத்தம் சரியில்லை. தண்ணீர் ஏறுகிற மோட்டாரின் சத்தம் கனமாக இருக்கும். இது வெறும் வயிற்றோடு கீச்சென்று கத்தியது. ஃபுட் வால்வு போய்விட்டது, குழாய்த் தண்ணீர் முழுக்கக் கீழே இறங்கிவிட்டது, மோட்டார் காற்றைக் குடித்துக்கொண்டு ஓடுகிறது என்று அவருக்கு உடனே புரிந்தது. இப்போது நிறுத்துவார் பார் என்று காத்திருந்தார். மோட்டார் கத்திக்கொண்டே இருந்தது. இன்ஜின் லேசாக இருமினாலே தெருக்கோடியில் வரும்போதே கண்டுபிடித்துவிடுகிற அண்ணன், தன் மோட்டார் இப்படிக் கதறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். ரப்பர் கருகும் வாடை வந்தது. கையிலிருந்த இலையைப் போட்டுவிட்டு ஸ்டுடியோக்காரர் ஓடினார்.

தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு, அத்தனை வருஷம் தொடாத கேட்டைத் திறந்து, வீட்டுக்குள் புகுந்தார். கூடத்துச் சுவரில் அந்தக் கல்யாணப் படம் சட்டம் போட்டுத் தொங்கியது. மூடிய கண்களோடு அண்ணன் அதில் நின்றுகொண்டிருந்தார். நின்று பார்க்க நேரமில்லை.

அண்ணன் மோட்டார் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சாவகாசமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கைக்கெட்டும் தூரத்தில், அவர் முதுகுக்குப் பின்னால், மோட்டார் புகைந்துகொண்டிருந்தது; காற்று புகையைச் சுவர்ப் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. தம்பி பாய்ந்துபோய் சுவிட்சை அணைத்தார். நிழல் விழுந்ததும்தான் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். பேப்பர் கையிலிருந்து நழுவிற்று.

"மோட்டார் வெறுமனே ஓடுதுண்ணே" என்றார் தம்பி. "கேக்கலையா?"

அண்ணன் அவருடைய உதட்டையே பார்த்தார். பிறகு மோட்டாரைப் பார்த்தார், புகையைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. காது மந்தமாகி ரொம்ப நாளாயிற்று என்று, தேவைக்கு மேல் உரத்த குரலில், அவரே சொன்னார். வெளியே யாரிடமும் மூச்சுவிடக் கூடாதென்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தாராம். காது கேட்காதவனிடம் யார் வந்து வண்டி ஓட்டக் கற்றுக்கொள்வார்கள்? ஸ்கூலை மூடிய பிறகும் வெளியே சொல்லக் கூச்சமாகிவிட்டது. வீட்டில் எல்லாவற்றுக்கும் அவள்தான் காது. இப்போது அவளும் ஊரில் இல்லை.

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு குரல் தாழ்ந்தது.

"நீயும் தட்டுறத நிறுத்திட்டே."

"மழ பேஞ்சுது, தண்ணி நாறுது, இவன் தட்டுவான் தட்டுவான்னு பாத்தேன்" என்றார் அண்ணன். "சரி, அவனுக்கு இனிமே நாம வேணாம்போல, அவன் பாட்டுக்கு இருக்கட்டும்னு நெனச்சேன். காது மந்தம்தான்டா, இல்லேங்கல. ஆனா நீ தட்டுறதுகூடவா எனக்குக் கேக்காமப் போகும்?"

"தட்டுனேண்ணே" என்றார் தம்பி. குரலே எழும்பவில்லை.

அண்ணன் காதருகே கையைக் குவித்தார்.

"தட்டுனேன். தெனமும் தட்டுனேன்."

"என்னடா?"

ஸ்டுடியோக்காரர் கிட்டே போய்க் குனிந்து, அண்ணனின் காதில், அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"தெனமும் தட்டுனேண்ணே!"

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. எதிர்வீட்டில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மனைவி, "என்னங்க ஆச்சு?" என்று கேட்டாள். அண்ணனின் காது சங்கதி ஊருக்கே தெரிந்துபோயிற்று. அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் பிடித்தது.

அதற்கப்புறம் இருவரும் வேலையில் இறங்கிவிட்டார்கள். கிளாம்பைக் கழற்றி, குழாயை இருவருமாகக் கைமாற்றி மேலே இழுத்தார்கள். தம்பி இழு என்று கத்துவதற்குப் பதில் தோளைத் தொட்டார், அண்ணன் இழுத்தார். ஃபுட் வால்வுக்குள் இருந்த தோல் வாஷர் நைந்து, ஓரம் கிழிந்துபோயிருந்தது. ஸ்டுடியோக்காரர் ஓர் எட்டு போய்த் தன் வீட்டிலிருந்து புதிய வாஷரைக் கொண்டுவந்தார். கூடவே மருந்து வாளியையும் தூக்கி வந்தார். வாஷரைப் போட்டு, குழாயை இறக்கி, புனலில் தண்ணீர் ஊற்றி நிரப்பி மோட்டாரைப் போட்டதும், அது ஒரு தடவை செருமிவிட்டுக் கனத்த குரலில் ஓட ஆரம்பித்தது. அண்ணன் உள்ளங்கையை அதன் முதுகில் வைத்துப் பார்த்தார். "ஏறிடுச்சு" என்றார்.

மோட்டாரை நிறுத்திவிட்டு மருந்தைக் கிணற்றில் ஊற்றினார்கள். இந்த அரை வட்டத்தில் ஊற்றியது அந்த அரை வட்டத்துக்கும் பரவியது. அண்ணன் விளிம்பில் கையூன்றிக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படத்துல கண்ணு மூடுனது நாந்தான்" என்றார் திடீரென்று. "அமுக்குனவன் என்ன பண்ணுவான்."

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொன்னால் கத்த வேண்டும், அதையும் ஊர் கேட்கும். அண்ணனின் முழங்கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தியதோடு விட்டுவிட்டார்.

கிளம்பும்போது கேட்வரை அண்ணன் கூடவே வந்தார். தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு, கவலையான முகத்தோடு கேட்டார்.

"நாளைக்கு மோட்டார் போடலாமா, வேணாமான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ தட்டுனா கேக்காதே."

ஸ்டுடியோக்காரர் அவர் காதருகே குனிந்தார்.

"வந்து சொல்றேன்" என்று கத்தினார்.